பரிசுக்குப் பணம் கட்டுவது யார்?

ஆர்லாண்டோவுக்கோ லாஸ் வேகாஸுக்கோ விடுமுறைக்குக் கிளம்புகிற குடும்பத்துக்கு, ஏற்கெனவே போய்வந்தவர்கள் தவறாமல் சொல்லி அனுப்பும் யோசனை ஒன்று உண்டு. டைம்ஷேர் விற்கிறவர்கள் கூப்பிட்டால் தயங்காமல் போங்கள். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். கடைசியில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தீம் பார்க் டிக்கெட்டையோ ஷோ டிக்கெட்டையோ நூறு இருநூறு டாலர் கார்டையோ வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். நம் கையைப் பிடித்தா கையெழுத்து வாங்கப் போகிறார்கள்? வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவருக்கு இதில் நட்டமே கிடையாது. சிக்கனத்தைப் பற்றிப் பேசும் அமெரிக்கர்களும் இதையேதான் சொல்கிறார்கள். கெட்டிக்காரத்தனமான பேச்சாக இருப்பதால் இதை யாரும் மறுப்பதில்லை. இது முழுக்கத் தவறு என்பது என் கருத்து. போகிறவரின் உறுதியைப் பற்றி அது போடும் கணக்கு தவறு. அதைவிட, அந்தப் பரிசு யார் பணத்தில் வருகிறது என்பதை அது பார்க்கவே மறுக்கிறது.

விற்கப்படும் பொருளை முதலில் பார்த்துவிடலாம். ஒரு ரிசார்ட்டில் ஓர் அறையை ஆண்டுக்கு ஒரு வாரம் பயன்படுத்தும் உரிமைதான் டைம்ஷேர். ஐரோப்பாவில் 1960களில் தொடங்கி, 1970களில் அமெரிக்காவுக்குப் பரவியது. 1984இல் மாரியட்டும் 1991இல் டிஸ்னியும் உள்ளே வந்தபோது அதற்கு மதிப்பான முகம் கிடைத்தது. இப்போது பெரும்பாலும் வாரமாக விற்பதில்லை; புள்ளிகளாக விற்கிறார்கள். இத்தனை புள்ளி வைத்திருந்தால் இந்த ஊரில் இந்தப் பருவத்தில் இத்தனை இரவு தங்கலாம் என்று கணக்கு. புதிதாக வாங்குகிறவர் அமெரிக்காவில் சராசரியாக 20,000 டாலருக்கு மேல் கொடுக்கிறார். அதோடு ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம். அதன் சராசரி ஆயிரம் டாலரைத் தாண்டிவிட்டது. தங்கினாலும் தங்காவிட்டாலும் அதைக் கட்டியாக வேண்டும். பல ஒப்பந்தங்களுக்கு முடிவுத் தேதியே இல்லை. அதே உரிமையை இரண்டாம் கையாக விற்க வந்தவர்கள் இணையத்தில் ஒரு டாலர் என்று விலை போட்டு, அப்போதும் ஆள் கிடைக்காமல் காத்திருக்கிறார்கள். முந்தாநாள் 20,000 டாலருக்கு விற்ற ஒன்று இன்று ஒரு டாலருக்கும் போகவில்லை என்றால், நடுவில் இருக்கும் 19,999 டாலர் எதற்காகக் கொடுக்கப்பட்டது? கணிசமான பகுதி அந்த விற்பனைக் கூடத்துக்கு, அங்கே நடக்கும் பேச்சுக்கு, அந்தப் பரிசுகளுக்கு.

அந்தக் கூடம் எப்படி இருக்கும் என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஆர்லாண்டோவின் இன்டர்நேஷனல் டிரைவில் தள்ளுபடி டிக்கெட் என்று பலகை வைத்த கடையிலோ, லாஸ் வேகாஸில் ஓட்டல் முகப்பில் போட்டிருக்கும் மேசையிலோ தொடங்குகிறது இது. அங்கே நிற்பவர் கேட்கும் கேள்விகள் இரண்டு மூன்றுதான். கல்யாணமாகிவிட்டதா? வருமானம் இந்தத் தொகைக்கு மேல் இருக்குமா? பெரிய கிரெடிட் கார்டு கையில் இருக்கிறதா? கணவனும் மனைவியும் சேர்ந்து வந்தால்தான் பரிசு. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று ஒருவர் நழுவிவிடாமல் இருக்கத்தான் இந்த நிபந்தனை. மறுநாள் காலையில் சின்ன வட்ட மேசைகள் போட்ட பெரிய அறை, காபி, பழம், குழந்தைகளுக்குத் தனி இடம். மேசைக்கு ஒரு விற்பனையாளர். முதல் அரை மணி நேரம் விற்பனை பற்றிப் பேச்சே வராது. எந்த ஊர், என்ன வேலை, கடைசியாக எல்லோரும் சேர்ந்து எங்கே போனீர்கள், அம்மா அப்பாவை அழைத்துப் போக ஆசைப்பட்டு முடியாமல் போன இடம் எது? நாம் சொல்லும் பதில்களை அவர் ஒரு தாளில் எழுதிக்கொண்டே வருவார். ஒரு மணி நேரம் கழித்து, அந்த ஆசைகளே விற்பனைப் பேச்சாகத் திரும்பி வரும். பெற்றோரை நயாகராவுக்கு அழைத்துப் போக வேண்டும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று கேட்கும்போது, மறுப்பது அவர் வார்த்தையை அல்ல, நம் வார்த்தையையே மறுப்பதாகிவிடும்.

உறுதியானவருக்கு இதெல்லாம் ஒன்றும் செய்யாது என்பார்கள். அந்த அறைக்குள் நுழைகிற கிட்டத்தட்ட எல்லோருமே உறுதியோடுதான் நுழைகிறார்கள். டைம்ஷேர் வாங்க வேண்டும் என்று சூட்கேஸைக் கட்டிக்கொண்டு ஊரிலிருந்து கிளம்பி வந்தவர் அங்கே அரிது. நேற்றுக் கையெழுத்துப் போட்டவரும் முந்தின நாள் இரவு ஓட்டல் அறையில் மனைவியிடம், எதுவும் வாங்கப் போவதில்லை, டிக்கெட்டுக்காகத்தான் போகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருப்பார். ஆக, அந்தத் தொழில் முழுவதும், வாங்க மாட்டேன் என்ற முடிவோடு வருகிறவர்களிடம் விற்கக் கற்றுக்கொண்ட தொழில். உறுதி என்பது அவர்களுக்கு எதிர்பாராத தடை அல்ல, அன்றாடம் கையாளும் கச்சாப்பொருள். இதற்குச் சான்று நிறுவனங்களின் கணக்கிலேயே இருக்கிறது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட அமெரிக்க டைம்ஷேர் நிறுவனங்கள், விற்பனைப் பேச்சுக்கு வரும் ஒரு விருந்தினருக்குச் சராசரியாக எத்தனை டாலர் விற்பனை ஆகிறது என்ற எண்ணை முதலீட்டாளர்களுக்கு ஒவ்வொரு காலாண்டும் சொல்கின்றன. பெரிய நிறுவனங்களில் அது அண்மை ஆண்டுகளில் சுமார் 3,000 முதல் 4,000 டாலர். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு மேலும் புள்ளிகள் விற்பதும் இதில் அடங்கும் என்பதால், புதியவர்களுக்கான சராசரி இதைவிடக் குறைவாக இருக்கும். அப்படியே வைத்துக்கொண்டாலும், வாங்காமல் எழுந்துபோகிற பெரும்பான்மையையும் சேர்த்து வகுத்த பிறகு நிற்கும் தொகை இது. வெறும் 200 டாலர் டிக்கெட்டை எதற்குக் கொடுக்கிறார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

பரிசு மனிதரை என்ன செய்யும் என்பதும் ஊகமல்ல. டென்னிஸ் ரீகன் என்ற உளவியலாளர் 1971இல் வெளியிட்ட சோதனை, உளவியல் பாடப் புத்தகங்களில் இன்றும் சொல்லப்படுகிறது. கூட இருந்த ஒருவர் இடைவேளையில் வெளியே போய், கேட்காமலேயே ஒரு கோக் வாங்கிவந்து கொடுக்கிறார். பிறகு, தன்னிடம் குலுக்கல் சீட்டு இருக்கிறது, வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்கிறார். கோக் பெற்றவர்கள் மற்றவர்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சீட்டு வாங்கினார்கள். இதில் முக்கியமான இடம் அடுத்தது. அந்த ஆளைப் பிடித்திருந்ததா இல்லையா என்பது, கோக் பெற்றவர்களிடம் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கவில்லை. பிடிக்காத ஆளிடமிருந்து வாங்கிக் குடித்தவரும் பதிலுக்கு எதையாவது செய்துவிட நினைத்தார். விற்பனையாளரின் பேச்சை நம்பாதவர் தப்பித்துவிடுவார் என்ற எண்ணத்தை இந்த ஒரு முடிவே அசைத்துவிடுகிறது. வாங்கிக்கொண்டதற்கு நன்றி காட்ட வேண்டும் என்பது நல்ல வளர்ப்பில் வந்த குணம். யாராவது காபி கொடுத்து, இரண்டு மணி நேரம் முகம் கோணாமல் பேசி, நம் பிள்ளைகளின் பெயரை நினைவில் வைத்து விசாரித்தால், அவர் முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்ல நம்மவர்களுக்குக் கூசும். அந்தக் கூச்சம் மரியாதை தெரிந்தவர்களிடம்தான் அதிகம். அதன் மேல்தான் அந்தத் தொழிலே நிற்கிறது.

ஒன்றரை மணி நேரம் என்ற கணக்கும் நிற்காது. முதல் வேண்டாம் என்பது கூட்டத்தின் முடிவல்ல, அடுத்த கட்டத்தின் தொடக்கம். விற்பனையாளர் வருத்தத்தோடு தலையசைத்துவிட்டு, சரிபார்ப்புக்காக மேலாளர் வருவார் என்பார். மேலாளர் வந்து, முதலில் சொன்ன விலையில் பாதியைச் சொல்வார். யாரோ திருப்பிக் கொடுத்த புள்ளிகள் இருக்கின்றன, இன்று மட்டும் தரலாம் என்பார். அதற்கும் மறுத்தால், பரிசைக் கையில் கொடுக்கும் மேசைக்குப் போகச் சொல்வார்கள். அங்கே மூன்றாமவர் ஒருவர், வாங்கவே வேண்டாம், ஒன்றிரண்டு ஆண்டு சோதித்துப் பாருங்கள் என்று ஓரிரு ஆயிரம் டாலருக்குச் சோதனைத் திட்டம் ஒன்றை நீட்டுவார். பெரிய தொகையை மறுத்து மறுத்துக் களைத்தவருக்கு அது சின்னதாகத் தெரியும். அந்தத் திட்டத்தில் தங்கப் போகும்போது இன்னொரு விற்பனைப் பேச்சில் உட்கார வேண்டியிருக்கும். குழந்தைகள் அலுத்துவிட்டன, மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது, ஊருக்குத் திரும்ப இரண்டு நாள்தான் இருக்கிறது. இத்தனைக்கும் நடுவில், 200 டாலர் பரிசுக்காகக் கணவனும் மனைவியும் விடுமுறையில் ஒரு முழுக் காலைப் பொழுதைக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பயணத்துக்கு விமானம், வாடகைக் கார், ஓட்டல் என்று அவர்கள் கொட்டிய பணத்தை நாள் கணக்கில் வகுத்துப் பார்த்தால், பரிசு எந்த அளவுக்கு இலவசம் என்பது தெரியும்.

அந்த மேசையில் போடும் கணக்கை அருகில் வைத்துப் பார்ப்பது நல்லது. படித்தவர்களை வீழ்த்துவது பெரும்பாலும் அதுதான். ஆண்டுக்கு விடுமுறை ஓட்டலுக்கு 2,500 டாலர் செலவழிக்கிறீர்கள், இருபது ஆண்டில் 50,000, விலைவாசி ஏறுவதைச் சேர்த்தால் 80,000க்கு மேல், இத்தனையும் வாடகையாகப் போய்விடும், கையில் ஒன்றும் நிற்காது என்று எழுதிக் காட்டுவார்கள். எதிர்ப்பக்கத்தில் 20,000 டாலர், ஒரே முறை. எழுதாமல் விடுவதைத்தான் கவனிக்க வேண்டும். அந்த 20,000 டாலரை அவர்களே கடனாகத் தருவார்கள். வட்டி பெரும்பாலும் நூற்றுக்குப் பன்னிரண்டுக்கு மேல். பதினைந்து என்று வைத்துக்கொள்வோம். பத்தாண்டுத் தவணையில் மாதம் சுமார் 323 டாலர். பத்தாண்டில் ஏறக்குறைய 38,700 டாலர். பராமரிப்புக் கட்டணம் 1,200 டாலரில் தொடங்கி ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு ஏறினால், அதே பத்தாண்டில் 15,000 டாலர். இரண்டையும் கூட்டினால் 53,700 டாலருக்கு மேல், அதாவது ஆண்டுக்கு ஒரு வாரம் தங்க 5,000 டாலருக்கு மேல். கடன் தீர்ந்து நிம்மதியாகத் தங்கலாம் என்ற பதினோராம் ஆண்டில் கட்டணம் மட்டும் 1,950 டாலரைத் தொட்டிருக்கும். ஓட்டல் வாடகைக்கு விலைவாசி ஏற்றத்தைச் சேர்க்கத் தெரிந்த பேனாவுக்கு, பராமரிப்புக் கட்டணத்துக்கும் அதே ஏற்றத்தைச் சேர்க்கத் தெரியாமல் போவது தற்செயல் அல்ல. இந்தக் கணக்கை வீட்டில் உட்கார்ந்து போட்டால் எந்தப் பொறியாளருக்கும் பத்து நிமிடம்தான் ஆகும். அதனால்தான் வீட்டுக்கு எடுத்துப் போக விடுவதில்லை.

வளர்ந்த மனிதர்கள், படித்தவர்கள், தாங்களே கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு புலம்புவது என்ன நியாயம் என்று கேட்பவர்கள் உண்டு. தன் முடிவுக்குத் தானே பொறுப்பு என்ற கொள்கையை நானும் ஏற்கிறேன். அந்தக் கொள்கைக்கு ஒரு முன்நிபந்தனை இருக்கிறது. முடிவெடுப்பவரிடம் விலை தெரிய வேண்டும், யோசிக்க நேரம் வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க வழி வேண்டும். வீடு வாங்குகிறவர் விலையை முன்பே பார்க்கிறார், பத்திரத்தை வழக்கறிஞரிடம் காட்டுகிறார், வங்கியில் வட்டி விசாரிக்கிறார். டைம்ஷேர் விலையோ கூட்டத்தின் கடைசியில்தான் மேசைக்கு வருகிறது. பெரும்பாலும் கையால் எழுதிக் காட்டப்படுகிறது. அன்று மாலையே காலாவதியாகிறது. நல்ல விலை என்று விற்பவரே நம்பினால் அதைத் தபாலில் அனுப்பலாமே. இன்னொன்று, வாயால் சொன்னவை எதுவும் இந்த ஒப்பந்தத்தின் பகுதி அல்ல, வாய்மொழியை நம்பி நான் வாங்கவில்லை என்ற வாசகம் பத்திரத்தில் இருக்கும். வாங்குகிறவர் அதற்கு நேரே தன் சுருக்கொப்பம் இடுவார். நான்கு மணி நேரம் வாயால் விற்றுவிட்டு, வாயால் சொன்னதை நம்பவில்லை என்று எழுதி வாங்குவது எந்த வகை நேர்மை?

வாயால் சொல்லப்படுவது எப்படிப்பட்டது என்பதும் பொதுவெளிக்கு வந்திருக்கிறது. விண்டம் நிறுவனத்தின் டைம்ஷேர் பிரிவில் விற்பனையாளராக இருந்த ஒரு பெண், சக ஊழியர்கள் முதிய வாடிக்கையாளர்களை ஏமாற்றுகிறார்கள் என்று மேலிடத்தில் புகார் செய்தார். வேலை போயிற்று. வழக்கு நடந்தது. 2016 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ நடுவர் குழு அவருக்கு 2 கோடி டாலர் வழங்கத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு டிசம்பரில் அரிசோனா மாநிலத் தலைமை வழக்கறிஞர், டைமண்ட் ரிசார்ட்ஸ் நிறுவனத்தோடு ஓர் உடன்பாடு செய்தார். கட்டணம் ஏறும் அளவு, திரும்ப விற்கும் வசதி போன்றவை பற்றி விற்பனையாளர்கள் வாயால் தந்த உறுதிகள் பொய் என்று குவிந்த புகார்களே அதற்குக் காரணம். நிறுவனம் 8 லட்சம் டாலர் கொடுக்கவும் நடைமுறைகளை மாற்றவும் இசைந்தது. எல்லா விற்பனையாளரும் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. நேர்மையாக விற்று, அதனால் குறைவாகச் சம்பாதிக்கிறவர்கள் இருப்பார்கள். சம்பளம் முழுக்கவோ பெரும்பகுதியோ கமிஷனாக வரும் இடத்தில், அன்று மாலைக்குள் முடிக்காத விற்பனை விற்பனையே அல்ல என்ற இடத்தில், நேர்மைக்கு இடம் எவ்வளவு மிஞ்சும் என்பதுதான் கேள்வி.

சட்டம் காப்பாற்றும் என்பது அடுத்த வாதம். உண்மைதான், ரத்து செய்யும் உரிமை இருக்கிறது. புளோரிடாவில் பத்து நாள், ஹவாயில் ஏழு நாள், நெவாடாவில் ஐந்து நாள். புளோரிடாவில் வாங்குகிறவர் இந்த உரிமை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தாலும் செல்லாது. கையெழுத்துப் போட்டுவிட்ட எவரும் முதலில் செய்ய வேண்டியது, ஒப்பந்தத்தில் ரத்து அறிவிப்பை எந்த முகவரிக்கு, எந்த முறையில் அனுப்பச் சொல்லியிருக்கிறது என்று பார்த்து, அதே முறையில் எழுத்தில் அனுப்பி, அனுப்பியதற்கான ரசீதை வைத்துக்கொள்வதுதான். தொலைபேசியில் விற்பனையாளரிடம் சொன்னால் போதும் என்று இருந்துவிடக் கூடாது. ஆனால் இந்த உரிமையைக் காட்டி, போவதில் ஆபத்தில்லை என்று வாதாடுவது தலைகீழ். ஓட்டல் அறை எடுப்பவருக்கு எந்தச் சட்டமன்றமும் பத்து நாள் மனமாற்ற உரிமை தரவில்லை. டைம்ஷேருக்குத் தந்திருக்கிறார்கள் என்றால், அந்த அறையில் எடுக்கப்படும் முடிவு தெளிந்த மனதோடு எடுத்த முடிவாக இருக்காது என்று சட்டம் இயற்றியவர்களே ஒப்புக்கொண்டார்கள் என்று அர்த்தம். நெவாடாவின் ஐந்து நாள், பலருக்கு விடுமுறையிலேயே கழிந்துவிடும். பெட்டியைப் பிரித்து, துணி துவைத்து, வேலைக்குத் திரும்பி, அந்தத் தடிமனான காகிதக் கட்டைப் பிரித்துப் படிக்கும்போது காலம் கடந்திருக்கும்.

வாங்கி மகிழ்ச்சியாக இருப்பவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். ஆண்டுதோறும் ஒரே கடற்கரைக்குப் போகிற குடும்பம், ஓராண்டுக்கு முன்பே தேதியை முடிவு செய்யக் கூடியவர்கள், சமையலறையோடு இரண்டு படுக்கையறை தேவைப்படுகிறவர்கள், கடன் வாங்காமல் கொடுத்தவர்கள் இதனால் பயனடைந்திருக்கிறார்கள். டிஸ்னி போன்ற சில திட்டங்களுக்கு மறுவிற்பனையில் ஓரளவு விலையும் நிற்கிறது. இதை மறைப்பது நேர்மையல்ல. ஆனால் இந்த வாதம், டைம்ஷேரை யாருக்காவது பொருந்தக் கூடிய பொருள் என்று நிறுவுகிறதே தவிர, விற்பனைக் கூட்டத்தில் போய் உட்காரச் சொல்லவில்லை. தனக்குப் பொருந்தும் என்று கணக்குப் போட்டுத் தெளிந்தவர், உரிமையாளர்களிடமிருந்து இரண்டாம் கையாக மிகக் குறைந்த விலைக்கு வாங்கலாம். சில சலுகைகள் மறுவிற்பனையில் வராது என்பதை விசாரித்துக்கொண்டு வாங்கலாம். அல்லது உரிமையாளரிடம் அந்த ஒரு வாரத்தை மட்டும் வாடகைக்கு எடுக்கலாம். பராமரிப்புக் கட்டணம் கைக்கு வந்தால் போதும் என்று பலர் அந்த விலைக்கே தருகிறார்கள். பொருள் நல்லது என்றால், அதை வாங்க மிக மோசமான இடம் அந்தக் கூடம்தான்.

வெளியே வரும் வழியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பரிசுக்காகப் போகச் சொல்கிறவர்கள், சறுக்கியவருக்கு என்ன ஆகிறது என்று ஒருபோதும் சொல்வதில்லை. விற்க முடியாது. கட்டணத்தை நிறுத்தினால் கடன் மதிப்பு கெடும், வசூல் முகமைகள் துரத்தும். உரிமையாளர் இறந்தால், பிள்ளைகள் உரிய முறையில் மறுக்காவிட்டால் சுமை அவர்கள் பக்கம் திரும்பும். ஸ்பெயினில் முடிவே இல்லாத இத்தகைய ஒப்பந்தங்கள் செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2015 ஜனவரியில் சொல்ல வேண்டியிருந்தது. இப்படித் தவிக்கிறவர்களுக்காகவே, விடுவித்துத் தருகிறோம் என்று முன்பணம் வாங்கும் நிறுவனங்கள் முளைத்தன. அவற்றில் ஒரு குழுமம் பெரும்பாலும் முதியவர்களிடமிருந்து 9 கோடி டாலருக்கு மேல் வாங்கி ஏமாற்றியதாக, அமெரிக்க மத்திய வணிக ஆணையமும் விஸ்கான்சின் மாநிலமும் 2022இல் வழக்குத் தொடுத்தன. மெக்சிகோவில் டைம்ஷேர் வைத்திருக்கும் அமெரிக்கர்களை, உங்கள் பங்கை வாங்க ஆள் இருக்கிறது, வரியை மட்டும் முதலில் அனுப்புங்கள் என்று தொலைபேசியில் அழைத்துக் கறப்பது ஹலிஸ்கோ போதைப்பொருள் கும்பலின் வருமானங்களில் ஒன்றாகிவிட்டது. 2019 முதல் 2023 வரை சுமார் 6,000 அமெரிக்கர்கள் இப்படி ஏறக்குறைய 30 கோடி டாலர் இழந்ததாகப் புகார் செய்திருக்கிறார்கள் என்று அமெரிக்க அரசு 2024 ஜூலையில் எச்சரித்தது. அவர்களில் பலருடைய கதை, கடலோரத்தில் ஒரு காலை உணவோடு தொடங்கியிருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் ஒருவர் சொல்லலாம்: நான் வாங்கவில்லை, இனியும் வாங்க மாட்டேன், முப்பது முறை போய் முப்பது முறையும் பரிசோடு வந்தவன், எனக்கு என்ன? அப்படிப்பட்டவர்கள் உண்டு என்றே வைத்துக்கொள்கிறேன். இவர்களிடம்தான் எனக்கு மிக முக்கியமான வழக்கு இருக்கிறது. இவர்கள் ஒரு பெரிய நிறுவனத்தை ஏய்த்துவிட்டதாக நினைக்கிறார்கள். நிறுவனங்களின் ஆண்டறிக்கையைப் புரட்டினால் அப்படித் தெரியவில்லை. டைம்ஷேர் விற்றுவரும் தொகையில் கட்டடத்துக்கான செலவு சிறு பங்கு. விற்பனைக்கும் விளம்பரத்துக்கும் போவது பாதியை ஒட்டிய தொகை. அந்தப் பாதியில்தான் சாலையோர மேசைக்காரரின் கமிஷனும், காபியும், இவர் வாங்கிய டிக்கெட்டும் அடக்கம். அது நிறுவனத்தின் லாபத்திலிருந்து வரவில்லை. முன்கூட்டியே விலையில் ஏற்றப்பட்டிருக்கிறது. ஆகவே இவர் பரிசுக்குப் பணம் கட்டியவர், அதே காலையில் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தவர். மறுத்துப் பேசக் கூசியவர், ஆங்கிலத்தில் சட்ட வாசகம் படிக்கத் தடுமாறியவர், ஓய்வூதியத்தில் வாழ்கிறவர். அவர் பதினைந்து விழுக்காடு வட்டியில் பத்தாண்டு கட்டுகிறார். கள்ளச் சீட்டாட்டம் நடக்கும் வீட்டில் தோற்பவர் காசில் வாங்கிய பலகாரத்தைத் தின்றுவிட்டு, நான் ஆடவே இல்லை என்று சொல்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பேச்சு செய்யும் கெடுதல் அதோடு நிற்கவில்லை. நட்டமில்லாமல் போய்வரலாம் என்று நம்புகிற சமூகத்தில், சிக்கியவர் முட்டாளாகிறார். அவருக்கு வெளியே சொல்ல வெட்கம். சொந்தக்காரர்களிடம்கூட, வாங்கியது நல்லதுதான் என்று சாதித்துக்கொண்டு, ஆண்டுதோறும் கட்டணத்தைக் கட்டிக்கொண்டிருப்பார். புகார்கள் குறையும், சட்டம் கேட்கும் குரல் எழாது. இது நமக்குத் தூரத்து விவகாரமும் அல்ல. இந்தியாவில் இந்தத் தொழிலின் பெரிய பெயர்களான ஸ்டெர்லிங்கும் கிளப் மஹிந்திராவும், முறையே 1986இலும் 1996இலும் தொடங்கி, சென்னையோடு நெருங்கிய தொடர்பில் வளர்ந்தவை. அவற்றுக்குப் பின்னால் பெரியதும் சிறியதுமாக எத்தனையோ வந்துவிட்டன. மாலிலோ பெட்ரோல் பங்கிலோ பெயரும் போன் நம்பரும் எழுதிப் போட்ட கூப்பனுக்கு ஒரு வாரத்தில் அழைப்பு வருகிறது: சார், உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மேடத்தோடு வந்து வாங்கிக்கொள்ளுங்கள். ஆர்லாண்டோவின் நிபந்தனைகளே அண்ணாசாலைக்கும் வந்திருக்கின்றன. வந்து சேராதது சட்டம்தான்.

டைம்ஷேருக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. தொழில் சங்கத்தில் உறுப்பினராக உள்ள நிறுவனங்கள் பத்து நாள் ரத்து உரிமை தருகின்றன. வெளியே இருப்பவர்களை அது கட்டுப்படுத்தாது. பாதிக்கப்பட்டவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும். ஆணையங்கள் பல வழக்குகளில் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லியிருக்கின்றன, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தம் என்ற அடிப்படையிலும் முறையிட வழி செய்திருக்கிறது என்றாலும், அதற்கு ஆண்டுகள் பிடிக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் கொண்டுவந்த விதிகளோ நேரானவை. அழைப்பிலேயே இது விற்பனைக் கூட்டம் என்று சொல்ல வேண்டும். விவரங்களைக் கூட்டம் நடக்கும் நேரம் முழுவதும் கேட்டவருக்குத் தர வேண்டும். முதலீடு என்று விற்கக் கூடாது. பதினான்கு நாள் ரத்து உரிமை தர வேண்டும். அந்தப் பதினான்கு நாளும் ஒரு காசு முன்பணம் வாங்கக் கூடாது. கடைசி விதியைத் தமிழ்நாட்டில் நடக்கும் கூட்டங்களுக்குப் பொருத்திப் பாருங்கள். அன்றே கார்டைத் தேய்க்க முடியாது என்றால், கூப்பன் பெட்டி வைக்கவும், ஏசி ஹால் எடுக்கவும், தம்பதி தம்பதியாக அழைத்துப் பரிசு கொடுக்கவும் எத்தனை பேர் முன்வருவார்கள்? நுகர்வோர் அமைப்புகளும் சட்டமன்ற உறுப்பினர்களும் கேட்க வேண்டியது இந்த விதியைத்தான். அழைப்பு வந்தவர்கள் செய்ய வேண்டியது அதைவிட எளிது: விலையையும் ஒப்பந்தத்தையும் முதலில் மின்னஞ்சலில் அனுப்புங்கள், படித்துவிட்டு வருகிறோம் என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிடலாம்.